தட்டணுவுக்கும் குரூப் உண்டு

"பிளேட்லெட் என்னும் தட்டணுவில் சிவப்பணு இல்லை, எந்த குரூப்பையும் யாருக்கும் ஏற்றலாம். ஓ குரூப் என்றால் யோசிக்கவே வேண்டாம்." டிங்கி பரவும்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை காதில் விழும் இந்த வாதத்தில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஆபத்து.

தட்டணு ஏற்றும் அந்த மஞ்சள் நிறப் பையை உற்றுப் பாருங்கள். தட்டணுக்கள் மிதப்பது பெரும்பாலும் கொடையாளரின் பிளாஸ்மாவில். ஓ குரூப்காரரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் உண்டு. அவற்றின் வீரியம் மிகுந்திருந்தால் ஏ குரூப் நோயாளியின் சிவப்பணுக்கள் சிதையலாம். தட்டணுவின் மேலும் ஏ, பி அடையாளங்கள் உள்ளன; பொருந்தாவிட்டால் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி ஏறாது. பையில் எஞ்சும் சொற்பச் சிவப்பணுக்கள் ஆர்எச் நெகட்டிவ் பெண்ணிடம் எதிர்ப்பொருளைத் தூண்டி, பின்னாளில் கருவைப் பாதிக்கலாம். மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடையே ஆர்எச் நெகட்டிவ் அதிகம்.

"சில நாளே தாங்கும் பொருள், குரூப் தேடினால் உயிர் போய்விடாதா?" நியாயமான கேள்வி. அவசரத்தில் மருத்துவர் மாற்று குரூப் கொடுப்பார். ஆனால் எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, நோயாளியைக் கண்காணித்துக் கொடுப்பார். 'எதுவும் ஆகும்' என்பது வெறும் அலட்சியம்.

ரத்தப்போக்கு இல்லாத டிங்கி நோயாளிக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது ரத்தப்போக்கைத் தடுக்கவில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வே காட்டியது. எண்ணிக்கை இறங்கியதுமே பைக்கு அலையாதீர்கள். கோலாலம்பூர் தேசிய இரத்த மையத்துக்கு எல்லா குரூப்காரர்களும் தவறாமல் தானம் செய்யுங்கள். பொருந்தும் பை கிடைக்க அதுவே வழி.