சிறு திரையில் பெரிய விளம்பரம்

சென்ற மாதம் விளம்பரக் கட்டணம் பெறுவதற்காகத் தாராவித் தொண்ணூறடிச் சாலைக்குச் சென்றிருந்தோம். நம் இதழுக்குப் பல ஆண்டுகளாக விளம்பரம் தந்து ஆதரித்து வரும் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர், பணத்தை எடுப்பதற்கு முன் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். “சார், என் கடை விளம்பரத்தை எனக்கே படிக்க முடியவில்லையே, வாடிக்கைக்காரர் எப்படிப் படிப்பார்?” என்றார். வாங்கிப் பார்த்தோம். சங்கத்தின் இணையதளந்தான். மேலே ஒரு மெல்லிய பட்டை. அதனுள் எறும்பு ஊர்ந்தாற்போல் சில எழுத்துக்கள். தொலைபேசி எண்ணில் 3 எது, 8 எது என்று நமக்கும் விளங்கவில்லை.

பிழை நம்முடையதே. அணுசக்தி நகரில் மேசைக் கணினியின் அகன்ற திரையில் பார்த்து, நன்றாக அமைந்துவிட்டதென்று மகிழ்ந்திருந்தோம். நம் அன்பர்களில் பெரும்பாலோர் மின்சார ரயிலில் நின்றபடி கைப்பேசியில் படிப்பவர்கள் என்பதை மறந்தோம்.

அச்சுக்கூடம் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு பத்தி அகலத்துக்குச் செய்த பிளாக்கை ஒரு பத்திக்குள் நுழைக்க முடியாது. வேறு பிளாக்தான் செய்யவேண்டும். கணினியோ, மறுப்பின்றி நுழைத்துவிடுகிறது! 728 புள்ளி அகலமும் 90 புள்ளி உயரமும் உள்ள படம் 360 புள்ளி அகலமுள்ள கைப்பேசித் திரையில் பாதியாகச் சுருங்குகிறது; உயரம் 45க்கும் குறைகிறது. 16 புள்ளி உயர எழுத்து 8 ஆகிறது. மெய்யெழுத்தின் மேற்புள்ளியும், கிகரத்துக்கும் கீகரத்துக்கும் உள்ள சுழி வேற்றுமையும் அத்துடன் மறைகின்றன.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் பட்டை விளம்பரம் தோன்றியது. அந்நாளில் கைப்பேசியில் இணையம் படிப்பார் எவர்? 2010இல் ஈதன் மார்க்கோட் என்பவர், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தானே இசைந்து கொள்ளும் முறைக்குப் பெயரிட்டு விளக்கினார். அம்முறையில் எழுத்து மடிந்து அடுத்த வரிக்குச் செல்லும். படத்துக்குள் அடைபட்ட எழுத்து மட்டும் மடியாது.

ஆகவே, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இப்போது இரண்டு படங்கள் செய்கிறோம். அகன்ற திரைக்கு 728க்கு 90. கைப்பேசிக்கு 300க்கு 250. திரையின் அகலம் நோக்கி உலாவியே உரியதைத் தேர்ந்து கொள்ளும். தொலைபேசி எண்ணைப் படத்துக்கு வெளியே எழுத்தாகவே வைத்துவிட்டோம்; விரல் பட்டால் அழைப்பு செல்லும். அண்ணாச்சிக்கு இதுவே மிகவும் பிடித்தது.

ஆயினும் இன்னொரு வழக்கு எஞ்சியிருந்தது. வலப்பக்க மேல்மூலைக்கென்று கூடுதல் கட்டணம் தந்தவர்கள் சிலர். கைப்பேசியில் வலப்பக்கம் என்பதே இல்லை. அந்தப் பத்தி முழுதும் கட்டுரைகளெல்லாம் முடிந்தபின் அடியில் போய் விழுகிறது. முதல் வரிசைக்குச் சீட்டு வாங்கியவரைக் கொட்டகை வாசலில் நிறுத்தியது போலாயிற்று. அவ்விளம்பரங்களைக் கைப்பேசியில் இரண்டாம் பாராவுக்குப் பின் மாற்றிவிட்டோம். கடந்த இரு மாதங்களுக்கான கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரச் செயற்குழு இசைந்துள்ளது. பொருளாளரின் முகம் வாடியது உண்மை.

படிப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. கூட்ட அறிவிப்பைப் படிக்கையில் விளம்பரம் தாமதமாக வந்து விழுந்து வரிகளைக் கீழே தள்ள, விரல் வேறெங்கோ பட்டுவிடுகிறது என்று செம்பூர் அன்பர்கள் குறைப்பட்டார்கள். இப்போது விளம்பரத்துக்குரிய உயரத்தை முன்னதாகவே ஒதுக்கிவிடுகிறோம். கைப்பேசியில் கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருப்பது தகாது என்று, சிறந்த விளம்பரங்களுக்கான உலகக் கூட்டமைப்பு வரையறுத்திருக்கிறது. அத்தகைய வரையறைகளைத் தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரத்தையே காட்டாமல் தடுக்கும் வழக்கத்தைக் குரோம் உலாவி 2018 பிப்ரவரியில் தொடங்கிற்று. பொங்கல் மலர்ச் சமயத்தில் இதை நமக்கு நாமே நினைவூட்டிக் கொள்ள நேரும்.

விளம்பரம் தரும் அன்பர்கள் இனிப் படத்தை மட்டும் அனுப்பாமல், கடைப்பெயர், முகவரி, எண் ஆகியவற்றைத் தனியே எழுதியும் அனுப்புமாறு வேண்டுகிறோம். பழைய படங்கள் வைத்திருப்போர் புதிது செய்யச் செலவிட வேண்டியதில்லை. சங்கத்து இளைஞர்களே செய்து தருவார்கள்.