பெயரற்ற மூதாதையர்: ஆவணங்கள் யாருக்காக எழுதப்பட்டன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் ஒருவர், தம் முன்னோர் தென்னார்க்காட்டின் எந்த ஊரிலிருந்து கப்பலேறினர் என்பதைத் தேடிக் கண்டறிய வழியுண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் அங்கு சென்றடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு எனக் கப்பல் பட்டியல்கள் அவர்களைப் பதிவு செய்தன. மொரீசியசுக்குச் சென்றோரின் பதிவேடுகளை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கிறது.

அதே ஊர்களின் சேரிகளில் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் இன்று விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுள் பலருக்குத் தாத்தாவின் தந்தை பெயரைக் காட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இது தற்செயலன்று. காலனிய அரசின் எழுத்து பணத்தின் பின்னால் சென்றது. 1833 ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் கரீபியத் தீவுகள் உள்ளிட்ட குடியேற்றங்களின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அங்கு முன்னரே பேணப்பட்ட அடிமைப் பதிவேடுகள் ஆட்களைப் பெயருடன் குறித்திருந்தன. ஆனால் அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது.

பின்னர் வந்த 1843 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம் எவரையும் பெயர் சொல்லி விடுவிக்கவில்லை. ஒருவர்மீது மற்றவர் கோரும் உடைமை உரிமையை நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்று கூறியது. இழப்பீடு இல்லை, ஆகவே பட்டியலும் இல்லை. ‘அடிமை’ என்ற சொல் அலுவலகத் தாள்களிலிருந்து மறைந்தது. பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில், கடனுக்குக் கட்டுண்ட நிலை வயலில் தொடர்ந்தது.

பெயர்கள் அறவே எழுதப்படவில்லை என்பதும் சரியன்று. ஆளை விற்ற அடிமை ஓலைகளில் விற்கப்பட்டவரின் பெயர் உண்டு, ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ இத்துறையில் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல். ஆனால் அந்த ஓலைகள் வாங்கியவரின் பெட்டியில் இருந்தன, விற்கப்பட்டவரின் குடிசையில் அல்ல.

இந்த வெற்றிடம் வெறும் மனக்குறையன்று. வழக்கு மன்றத்தில் அது ஒரு தோல்வி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகள் அதை எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். அந்நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டனர். இன்று ஒரு குடும்பம் அத்தகைய நிலத்தைக் கோரினால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி: ஒப்படை பெற்றவர் உன் மூதாதையர்தான் என்பதற்குச் சான்று என்ன? அடிமையாக்கியவரின் பேரனுக்குப் பட்டா பேசுகிறது. அடிமைப்பட்டவரின் பேரன் மட்டும் தன் வாயால் வம்சாவளி சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது.

ஆயினும் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, இறந்துபோனவர்கள் தகராறு எழுமுன் உறவுமுறை பற்றிக் கூறியவற்றை ஏற்றது. அதற்குப் பதிலாக வந்த 2023 ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அவ்வழியை மூடவில்லை. இந்த வாயிலை நம் இயக்கங்கள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து. பாட்டி சொன்ன பெயர்களை வழக்கு வருமுன்பே, சொன்னவர், கேட்டவர், நாள் ஆகிய விவரங்களுடன் எழுதி வைக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் கோரலாம். 1980களின் யூ.டி.ஆர். பதிவுகளை மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. அதற்கு முந்தையவற்றில்தான் நிபந்தனை ஒப்படைக் குறிப்பைத் தேட வேண்டும். மதம் மாறிய குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடும் உதவும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976 இல். அதன் கீழ் மீட்கப்படுவோருக்கு இன்று பெயரிட்டு விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதைப் பெற்றவர்கள் நகலெடுத்து, குடும்பத்தில் படித்த ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும்.