உரையில் வராத பொருள்

தொலைக்காட்சி நாடகம் பற்றிப் பேசுவது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் முற்போக்கு அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. மக்கள் எதைக் கூடியிருந்து பேசுகிறார்களோ அதிலே அவர்களின் நியாய உணர்வும் கலந்திருக்கும். எனவே அந்தப் பேச்சை இகழாமல், அது எங்கே போய்த் தடைப்பட்டு நிற்கிறது என்று பார்ப்பதே நமக்கு உரிய வேலை.

2002 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் பொக்ஸ் நிறுவனம் 'பயர்பிளை' என்ற தொடர் நாடகத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. விண்வெளியிலே பழைய கப்பலொன்றை ஓட்டிப் பிழைக்கும் 9 பேரின் கதை அது. உள்நாட்டுப் போரில் தோற்றவர் பக்கம் நின்று சொல்லப்படுவது. கதையைத் தொடக்கிவைக்கும் முதல் அங்கத்தை நிறுவனம் கடைசியிலே காட்டிற்று. ஆயத்தமாயிருந்த 14 அங்கங்களில் 11 ஐ மட்டும் காட்டிவிட்டு, அவ்வாண்டு டிசெம்பரிலேயே நாடகத்தை முடித்துக்கொண்டது. மறு வருடம் அத்தனை அங்கங்களும் இறுவட்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றுக்கு உரையும் சேர்க்கப்பட்டிருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்க, அதனை ஆக்கியோரும் நடித்தோரும் காட்சிக்குக் காட்சி விளக்கம் கூறுவர், இதுவே அவ்வுரை.

ஆர்வலர் இவ்வுரைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆராய்ந்தனர். இன்ன சொல் ஏன் வந்தது, இன்ன காட்சி ஏன் நீக்கப்பட்டது என்று வாதிட்டனர். வாதம் ஓய்ந்த இடத்தில் வேறொரு கேள்வி எழுந்தது: இந்த நடிகர்கள் இனி என்ன ஆவார்கள்? யாருக்கு அடுத்த நாடகத்தில் இடம் கிடைக்கும்? முன்பின் அறியாத மனிதரின் பிழைப்பைப் பற்றி இப்படிக் கவலைப்படும் மனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கேள்விக்கு விடை தேடி அவர்கள் சென்ற இடம் பிழையானது. அவர்கள் சென்றது உரையிடம்.

தமிழ் படித்த நமக்கு உரை புதிதன்று. வள்ளுவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியே பரிமேலழகர் வந்தார். அவர் வள்ளுவரிடம் கூலி வாங்கியவரல்லர். தம் காலத்துச் சார்புகளோடு எழுதினார், பின்வந்தோர் அவரை மறுத்தும் எழுதினர். நூலுக்கும் உரைக்கும் இடையிலிருந்த அந்தத் தூரமே வாசகன் நுழையும் வாசலாக இருந்தது. இறுவட்டு உரையிலோ ஆக்கியோனே உரைகாரன். அவன் குரலைப் பதிவுசெய்வதும் விற்பதும் நாடகத்தின் சொந்தக்காரர். இந்த உரையை மறுத்துரைக்க அந்த வட்டிலே எவருக்கும் இடமில்லை.

அவ்வுரைகள் வெறும் விளம்பரம் என்று நாம் சொல்லவரவில்லை. 'பயர்பிளை'யின் ஆசிரியர் ஜொஸ் வீடன், ஓர் அங்கத்துக்குத் தனியே இருந்து கூறிய உரையில் சார்த்தரின் 'குமட்டல்' நாவல் தம்மைப் பாதித்த வகையை விரிவாகப் பேசுகிறார். பல்கலைக்கழக விரிவுரைகள் சிலவற்றிலும் அது மேல் என்றே சொல்லலாம். இருப்பு என்றால் என்ன என்பது அங்கே பேசப்படுகிறது. வேலை நாள் எத்தனை மணித்தியாலம், நடிகையின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவை பேசப்படுவதில்லை.

அதே வீடனின் 'ஏஞ்சல்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கோடீலியா என்ற பாத்திரத்தை ஏற்றவர் சரிஸ்மா கார்ப்பென்ரர். நான்காம் பருவத்தில் அவர் கருவுற்றிருந்தார். அப்பாத்திரம் நினைவிழந்து படுக்கையில் கிடத்தப்பட்டது. அடுத்த பருவத்தின் நிரந்தர நடிகர் வரிசையில் அவர் இல்லை. ஒரேயோர் அங்கத்துக்கு மட்டும் திரும்பிவந்தார். கதைப்போக்குக்கு இது பொருந்துமா, பாத்திரத்துக்கு இழைத்த அநீதியா என்று ஆர்வலர் நெடுங்காலம் விவாதித்தனர். 2021 பெப்ரவரியிலே அந்நடிகை வெளிப்படையாக அறிக்கை விடுத்தார்: கருவுற்றிருந்த காலத்தில் வீடன் தம்மை இழிவுபடுத்தினார், பிள்ளை பிறந்தபின் வேலையிலிருந்து நீக்கினார் என்பது அவர் குற்றச்சாட்டு. மறு வருடம் அளித்த நேர்காணலில் வீடன் தம்மீதான குற்றச்சாட்டுகள் சிலவற்றை மறுத்தார். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் கேட்பது இதுதான்: ஒரு தொழிலாளியின் வேலை போனதை ஏறத்தாழ 18 ஆண்டுகள் கதைக்கலை நுட்பமாகவே வைத்து விவாதித்தோமே, அந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியது எது?

சுவைஞரின் சொந்தக் கதையும் இதற்கு வேறானதன்று. நாடகம் நிறுத்தப்படவிருந்தபோது அவர்கள் தம்முட் பணம் சேர்த்து 'வரைட்டி' பத்திரிகையில் விளம்பரம் இட்டனர். வட்டுகளை வாங்கினர், பிறரையும் வாங்கச் செய்தனர். அந்த விற்பனையின் பலத்திலே 2005 இல் யூனிவர்சல் நிறுவனம் 'செரினிற்றி' என்ற திரைப்படத்தை வெளியிட்டபோது, கூலியின்றிப் பிரசாரம் செய்தவர்களும் இவர்களே. மறு ஆண்டு, படத்தைச் சார்ந்த சித்திரங்களையும் உடைகளையும் விற்றாரென்று அவர்களுள் ஒருவருக்கு வழக்கறிஞர் கடிதம் வந்தது. அப்போதுதான் அவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றிற்று. தாம் செய்த பிரசாரம் 28,000 மணித்தியாலத்துக்கு மேல், அதன் கூலி 21 இலட்சம் டொலர் அளவில் என்று நிறுவனத்துக்கே விலைச்சிட்டை அனுப்பினர்! வேடிக்கையாகச் செய்ததே. ஆயினும் அந்நாடகம் பற்றி எழுந்த விமர்சனங்களுள் இதுவே மிகக் கூர்மையானது என்போம்.

கம்பளித் தொப்பியின் கதை இன்னும் சுவையானது. நாடகத்திலே ஜெய்ன் என்ற முரட்டு மனிதனுக்கு அவன் தாய் தன் கையால் பின்னி அனுப்பிய தொப்பி அது. ஆர்வலர் பலர் வீட்டிலிருந்து அதைப் பின்னி ஒருவருக்கொருவர் விற்றுவந்தனர். 2013 இல், உரிமம் பெற்ற கம்பெனியொன்று அத்தொப்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், பின்னியவர்களுக்கு பொக்ஸ் நிறுவனத்திடமிருந்து தடை அறிவித்தல்கள் சென்றன. தொப்பி வரும் அங்கமோ, 2002 இல் அந்நிறுவனம் ஒளிபரப்பாமலே விட்ட மூன்றினுள் ஒன்று.

இனி, நடிகரின் எதிர்காலம். 'திறமை உள்ளவர் எப்படியும் பிழைப்பர்' என்பது ஆர்வலர் வழக்கமாகச் சென்றடையும் முடிவு. கப்பற்தலைவனாக நடித்த நேதன் பிலியன் 2009 முதல் 2016 வரை 'காசில்' நாடகத்தில் நடித்ததைச் சான்று காட்டுவர். ஜீனா ரொறஸ், மொறேனா பக்காறின் என்று பட்டியல் நீளும். பிழைத்தவர் பெயர்களை மட்டும் எண்ணி வாழ்வை அளப்பது சோதிடம். அதை விமர்சனம் என்று எப்படிச் சொல்வது?

அந்த எதிர்காலம் தீர்மானிக்கப்பட்ட இடம் வேறு. 2007 நவம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கி 100 நாட்கள் நின்றது. எழுத்தாளருக்கு ஓர் இறுவட்டுக்கு ஏறத்தாழ 4 சதம் கிடைத்துவந்தது. வீடியோ நாடாக் காலத்துக் கணக்கு அது. அதை இரட்டிப்பாக்கக் கேட்ட கோரிக்கையைப் போராட்டத்தின் வாயிலிலேயே கைவிட நேர்ந்தது. நாம் ஆழ்ந்து கேட்ட உரைகள் விற்கப்பட்ட வட்டுகள்தாம் இவை. (ஒன்று சொல்லவேண்டும்: அந்த வேலைநிறுத்தக் காலத்தில் வீடன் உருவாக்கிய சிறு இசைநாடகத்தின் வட்டிலே, உரையும் பாட்டாகவே அமைந்தது, அதில் வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. அளவுக்கு அது நியாயம்.)

2023 ஜூலையில் நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலை நிறுத்தியது. இணையவழி ஒளிபரப்பில் நாடகம் எத்தனை முறை பார்க்கப்பட்டாலும் நடிகருக்கு வருவது அற்பம் என்பது ஒரு முறைப்பாடு. சங்கத்தின் மருத்துவக் காப்புறுதிக்குத் தகுதிபெற 2023 இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 டொலர் உழைக்கவேண்டியிருந்தது. அங்கத்தவரிற் பெரும்பாலோர் அதை எட்டவில்லை. மற்றொன்று, நடிகனின் உருவத்தைக் கணினியிற் பதிந்து அவனின்றியே நடிக்கவைக்கும் புது வித்தை. பின்னணியில் நடப்போரை ஒருநாட் கூலிக்குப் பதிந்துவிட்டு அவ்வுருவத்தை என்றென்றும் பயன்படுத்த முதலாளிகள் கேட்டனர் என்று சங்கம் கூறியது; முதலாளிகள் மறுத்தனர். சம்மதமும் கூலியுமின்றி உருவத்தைக் கையாளக் கூடாதென்ற விதி, போராட்டத்தின் பின்னரே ஒப்பந்தத்தில் ஏறியது.

காட்சியின் ஓரத்திலே பெட்டி சுமந்து போகிறானே, அவன் பெயர் எந்த உரையிலும் வருவதில்லை. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று ஆர்வலர் கூட்டத்தில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.