முன் ஜென்ம வினையா?

ஸ்ரீரங்கம் இராஜகோபுரத்தடியில் பார்வையற்றவரைக் கண்டால் நமது ஆஸ்திக சிகாமணிகள் ஒரு காசைப் போட்டு, "முன் ஜென்ம வினை" என்று சொல்லிவிட்டு மோட்சத்துக்கு வழிதேடப் போய்விடுகிறார்கள். அக்கோபுரத்துக்கெதிரே பெரியார் சிலை எழுந்த அதே 2006-ல், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற வாலிபர், கம்ப்யூட்டர் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்னும் புரோகிராமை எழுதத் துவக்கினார். பார்வையற்ற ஜேம்ஸ் தே என்பவரும் கூடிக்கொண்டார். இனாமாகக் கிடைக்கும் அது தமிழும் படிக்கும். அதைக் கேட்டே பார்வையற்றோர் இன்று புரோகிராம் எழுதுகிறார்கள். இதில் ரங்கநாதருக்கு என்ன பங்கென்று பக்தர்களே சொல்லட்டும்.

ஆனால், திரையிலுள்ள பொத்தானுக்குப் பெயரிடாமல் வெறும் படத்தை ஒட்டிவைத்தால் அக்கருவி ஊமையாகிவிடும். இது எந்த ஜென்மத்து வினை? கண்ணுள்ளவர்களின் அசட்டை என்றே சொல்லுவோம். திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கென்றே சர்க்கார் பள்ளி இருக்கிறது. இவ்வூர்க் கம்ப்யூட்டர் கல்லூரிக்காரர்களைக் கேட்கிறோம்: அப்பெண்கள் நாளை உங்களிடம் படிக்க வந்தால், உங்கள் பாடம் அவர்கள் காதில் விழுமா?