பிள்ளை இருப்பது வருமானச் சான்று ஆகாது
பெரம்பலூர், அரியலூர் மாவட்ட முதியோர் நலன் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

முதியோர் ஓய்வூதியம் உழைத்துத் தளர்ந்தவரின் உரிமை. அது கருணைத் தொகை அல்ல. மகன் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக எவருடைய மனுவும் தள்ளப்படக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18ஐத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டிலும், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டிலும் கூலிக்கு உழைத்தவர்களுக்கு வைப்பு நிதி கிடையாது. பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பிழைக்கப் போய்விட்டார்கள். வாடகையும் கடனும் போக மிஞ்சினால்தான் ஊருக்குப் பணம் வரும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஓய்வூதியம் கிடைத்தாலும் கைக்கு வருவது எளிதல்ல. முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்பதில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா ஆயா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

2023 ஆகஸ்டில் மாநில அரசு ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியதை வரவேற்கிறோம். மேலும் கோருவது:

1. மனுதாரரின் சொந்த வருமானத்தை மட்டுமே பார்த்து ஓய்வூதியம் வழங்க வேண்டும்.

2. 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு பல ஆண்டுகளாக 200 ரூபாய்தான். அதை உயர்த்த வேண்டும்.

3. கைரேகை பதியாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு வசதி வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குப் பணம் வீடு தேடி வர வேண்டும்.

4. கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. அச்சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயம் வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் ஆகிய ஊர்களிலும் மாதம் ஒருமுறை அமர வேண்டும்.

5. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் முதியோருக்கு நாள்தோறும் தனிப் பிரிவு இயங்க வேண்டும்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் கிராம சபை. தனித்து வாழும் முதியோரைக் கணக்கெடுக்க ஒவ்வொரு ஊராட்சியும் அன்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கணக்கெடுப்புக்கு எங்கள் தொண்டர்கள் உடன் வருவார்கள். உதவி தேவைப்படும் முதியோர் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை இப்போதே அழைக்கலாம்.