மடிப்பில் ஒரு சிலேடை

காலமெல்லாம் கல்லோடு மாரடித்தாலும் நிலவியல்காரர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். மலை பிறப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஓரோஜெனி’. கிரேக்க மொழியில் ‘ஓரோஸ்’ என்றால் மலை. மலை பிறக்கும் வட்டாரம் ‘ஓரோஜெனிக்’ மண்டலம். முதலெழுத்தை ‘எ’ ஆக்கினால் சங்கதியே வேறு: தொட்டால் உடம்பு சிலிர்க்கும் இடம். இந்த ஒற்றை எழுத்தை வைத்து அவர்கள் அடிக்கும் ஜோக்குகள் பொதுவாக வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குரியவை.

தமிழிலும் சிலேடை உண்டு, கொஞ்சம் கசப்பானது. இமயம் ஒரு மடிப்பு மலை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோத, பாறைகள் மடிந்து எழுந்தன. மோதல் இன்னும் ஓயவில்லை. 2015இல் நேபாளம் குலுங்கியபோது மடிந்தவர்கள் மனிதர்கள், சுமார் 9,000 பேர்.

பழைய நிலச்சரிவு மண்மீது உட்கார்ந்திருக்கும் ஊர் ஜோஷிமட். அங்கே பெரிய கட்டுமானங்கள் வேண்டாம் என்று 1976லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. கட்டினார்கள். 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல்.

இமயத்துக்கு இன்னும் பிரசவம் முடியவில்லை. பிரசவ அறையில் ஹோட்டல் கட்டுவதை மட்டும் நிலவியல்காரர்களால் ஜோக்காக எடுத்துக்கொள்ள முடியாது.