படத்திற்கு மாலை போதுமா?

அக்டோபர் 22ஆம் நாள் வரும்போதெல்லாம் நாம் தவறாமல் ஒரு காரியம் செய்கிறோம். புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் படத்தை எடுத்துத் தூசி தட்டி மாலையிடுகிறோம். "இளைஞரை நேசித்த திருத்தந்தை" என்று மறையுரையிலும் மேடையிலும் முழங்குகிறோம். அந்த நேசம் எத்தகையது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் நம் மனச்சான்றே நம்மைச் சுடும்.

1949இல் கிராக்கோவ் நகரின் புனித புளோரியான் பங்கிற்கு இளங்குருவாக வந்த கரோல் வொய்த்திவா, மாணவர் கோவிலுக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர்களோடு மலையேறினார், ஏரிகளில் படகோட்டினார், கவிழ்த்து வைத்த படகையே பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றினார். குருக்கள் இளைஞரை அழைத்துச் செல்வதைக் கம்யூனிச அரசு பொறுக்காத காலம் அது. ஆகவே மாணவர் அவரை 'மாமா' என்றே அழைத்தனர். 1958இல் துணை ஆயராக நியமனம் பெற்ற செய்தி எட்டியபோதும் அவர் படகுப் பயணத்தில்தான் இருந்தார். வார்சா சென்று ஒப்புதல் தந்துவிட்டு, மீண்டும் மாணவரிடமே திரும்பினார். காதலையும் திருமணத்தையும் பற்றி அவர்களோடு நிகழ்த்திய உரையாடல்களிலிருந்தே 1960இல் 'அன்பும் பொறுப்பும்' என்னும் அவரது நூல் பிறந்தது.

1995இல் மணிலாவில் இலட்சோப இலட்சம் இளைஞர் திரண்டது இவ்விதைப்பின் விளைச்சலே. நாமோ விளைச்சலுக்கு ஆசைப்படுகிறோம், விதைக்க மறுக்கிறோம்.

சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. அங்கே விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? அருகிலேயே பிச்சாவரம் இருக்கிறது, படகுகளும் இருக்கின்றன. ஆனால், குரு ஒருவர் மாணவரோடு அங்கே படகேறினால், "சாமியாருக்கு இது தேவையா?" என்று முதலில் முணுமுணுப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

கடலூரில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போதும் 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தின்போதும் தோள் கொடுத்தவர்கள் இளைஞர்கள். திருவிழாப் பந்தலுக்கும் தேருக்கும் அவர்களே வேண்டும். பங்குப் பேரவையில் கருத்துச் சொல்ல எழுந்தால் மட்டும், "தம்பி, நீ உட்கார்" என்கிறோம். சுமைக்கு இளைஞர், முடிவுக்கு முதியோர் என்பது எந்த நற்செய்தியில் உள்ள நீதி?

"இக்காலத்துப் பிள்ளைகள் கோவிலுக்கே வருவதில்லை, கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள்" என்பர் சிலர். வருவதில்லை, உண்மைதான். ஆனால் நாம் போனோமா? "இடம் கொடுத்தால் ஒழுக்கம் கெடும்" என்பர் வேறு சிலர். திருத்தந்தை எவருக்கும் இச்சகம் பேசவில்லை. கற்பையும் தியாகத்தையும் கண்டிப்பாகவே கேட்டார். முதலில் செவிமடுத்தவர் என்பதால், அவர் கேட்டதை இளைஞரும் செவிமடுத்தனர்.

2005 ஏப்ரல் 2ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அதற்கு முன்னரே புனித பேதுரு வளாகம் செபிக்கும் இளைஞரால் நிறைந்திருந்தது. தாம் தேடிச் சென்றவர்கள் தம்மைத் தேடி வந்ததற்கு நன்றி கூற அவர் முயன்றதாக வத்திக்கான் செய்தித் தொடர்பாளர் அன்று அறிவித்தார். தேடிப் போனவரையே தேடி வருவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து குறை கூறுபவரை அல்ல.

எனவே சொல்கிறோம்: இவ்வாண்டு மாலை வாங்கும் பணத்தில், கடலூரிலிருந்து ஒருவரேனும் சிதம்பரத்திற்குப் பேருந்தேறட்டும். விடுதி வாயிலில் நின்று ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டறியட்டும். படம் பொறுத்துக்கொள்ளும், பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.